அம்மா பக்கத்து பிரேக்

என் அம்மா கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். எங்கள் ஊரில் சிவப்பு விளக்கைப் பார்த்து ஒழுங்காக நிற்கிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர், அவர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வேறு வழியில்லாமல் நிற்கிறவர்கள். பல் டாக்டர், பேக்கரிக்காரர், என் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, எல்லோரும் அம்மாவின் மாணவர்கள். வீட்டில் இருந்த என் அப்பாவுக்கு மட்டும் ஸ்டியரிங்கைத் துடைக்கத்தான் தெரியும்.

அப்பா தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க நடந்தே வேலை பார்த்த மனிதர். கல்யாணமான புதிதில் அம்மா ஒருமுறை அவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்திருக்கிறாள். பழக்கதோஷத்தில் அப்பா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வண்டியை மெதுவாக்கியிருக்கிறார். வாசலில் நாய் இருந்தால் வேகமாக்கியிருக்கிறார். அன்றோடு இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: வண்டி அவளுக்கு, செருப்பு அவருக்கு.

சொல்லிக்கொடுக்கிற வண்டிகளில், இடது பக்கம் உட்காருகிற ஆசிரியரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தப்புச் செய்தால் ஆசிரியர் மிதிப்பார், வண்டி நிற்கும். இத்தனை வருடங்களில் அம்மாவின் வலது கால் அவள் நாக்கைவிட வேகமாகிவிட்டது. வீட்டில் யாராவது உளறினால்கூட சாப்பாட்டு மேசைக்கு அடியில் அந்தக் கால் தரையை மிதிக்கும். நாங்களும் பேச்சை அப்படியே பாதியில் நிறுத்திவிடுவோம். நான் வேலையை விட்டுவிட்டுப் பாட்டுக் குழுவில் சேரப்போகிறேன் என்று ஒருமுறை சொன்னபோது மேசையில் இருந்த தண்ணீர் ஜாடி நகர்ந்தது.

அம்மாவுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. வண்டிக்குள் சொந்தம் கிடையாது. கதவைச் சாத்தியதும் நான் அவளுக்கு “மேடம்”, அவள் எனக்கு “டீச்சர்”. “வண்டிக்குள்ள அம்மான்னு கூப்பிட்டா செல்லம் கொஞ்சத் தோணும். செல்லம் கொஞ்சினா சுவத்துல மோதுவோம்” என்பாள்.

போன வருடம் அவள் தலைக்குள் ஒரு கட்டி இருப்பதாகத் தெரிந்தது. டாக்டர் எங்கள் மூவரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். இது மெதுவாக வளர்கிற கட்டி இல்லை, அவசரக் கட்டி. அறுத்து எடுத்தாலும் திரும்ப வரும். அவர் பேசப் பேச நான் மேசைக்கு அடியில் பார்த்தேன். அம்மாவின் வலது கால் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. டாக்டர் நிற்கவில்லை. “வருஷக் கணக்குல எதுவும் திட்டம் போட வேண்டாம்” என்பதுவரை போய்த்தான் நின்றார். எனக்கு அந்த மனிதர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பாவம், அவர் என்ன செய்வார், அம்மாவிடம் படிக்காதவர்.

வெளியே வந்ததும் அம்மா அழுவாள் என்று கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தேன். அவளோ வண்டி நிறுத்துமிடத்தில் நின்று அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஊர்ல இருக்கிற கழுதை குதிரையெல்லாம் என்கிட்ட லைசென்ஸ் வாங்கிடுச்சு. கட்டின புருஷன் மட்டும் பாக்கி. நான் போறதுக்குள்ள நீங்க ஓட்டணும். அதை நான் பாக்கணும்.”

“சரிம்மா” என்றார் அப்பா.

“நாளையிலேர்ந்து டீச்சர்னு கூப்பிடுங்க.”

நாளைக்கு ஆகவில்லை. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, வாந்தி, மாத்திரை எல்லாம் குறுக்கே வந்தன. அவை முடிந்தபோது அம்மாவிடமிருந்து இடது பக்கம் காணாமல் போயிருந்தது. நான் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள் என்பதால் எழுத்து அட்டையை வீட்டுக்கே கொண்டுவந்து பார்த்தேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை. மூளைதான், இடது பக்கம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது என முடிவு செய்துவிட்டது. தலையின் வலது பாதியை மட்டும் சீவிக்கொள்வாள். தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, “இவ்வளவுதானா? பத்திய சாப்பாடா?” என்பாள். நாங்கள் தட்டை ஸ்டியரிங் மாதிரி ஒரு திருப்புத் திருப்புவோம். “இது எப்ப வெச்சீங்க?” என்று ஆச்சரியப்பட்டு மிச்சத்தையும் சாப்பிடுவாள். இடது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்பதை ஏறக்குறைய விட்டுவிட்டன.

ஒரு காலையில் அம்மா கட்டிலில் உட்கார்ந்து, “உங்கப்பா எங்கடி போனாரு? சொல்லிக்காம போக மாட்டாரே” என்று கவலையோடு கேட்டாள். அப்பா அவளுடைய இடது பக்கம் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். எழுந்து, கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் உட்கார்ந்தார்.

“வந்துட்டேன்.”

“எங்க போனீங்க?”

“இங்கதான், பக்கத்துல.”

அன்றே அப்பா கட்டிலில் இடம் மாறிப் படுத்தார். சாப்பாட்டு மேசையிலும் நாற்காலியை மாற்றிப் போட்டார். அன்றுதான் வண்டிப் பாடத்தையும் அவரே ஞாபகப்படுத்தினார். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு உறைத்தது. வண்டியில் ஓட்டுகிறவர் ஆசிரியருக்கு வலது பக்கம்தான் உட்கார வேண்டும். அங்கே அப்பா அவள் கண்ணிலிருந்து காணாமல் போகவே முடியாது.

டாக்டர் அம்மாவை ஓட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார். பக்கத்தில் உட்காரக் கூடாது என்று சொல்லவில்லை. அப்படி ஒரு யோசனை எங்களுக்கு வரும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. மூடிக்கிடந்த ஒரு மரச்சாமான் கிடங்கின் பின்னால் பெரிய காலி மைதானம் இருந்தது. அங்கே வரைக்கும் நான் ஓட்டிக்கொண்டு போனேன். பிறகு அப்பா ஓட்டுநர் இருக்கையில், அம்மா தன் இடத்தில், நான் பின்சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு.

“சார், கண்ணாடி பாருங்க. பக்கக் கண்ணாடி பாருங்க. அப்புறம் என்னைப் பாருங்க.”

“உங்களை எதுக்கு டீச்சர்?”

“நான் முறைக்கிறேனான்னு தெரிய வேணாமா?”

வண்டி நகர்ந்தது. அம்மா மிதித்தாள். நின்றது. நகர்ந்தது. மிதித்தாள். மைதானத்தில் ஒரு காக்கைகூட இல்லை. ஆனால் அம்மாவுக்கு வலது பக்கத்திலிருந்து மட்டும் உலகம் திடீர் திடீரென்று பாய்ந்து வந்தது. எங்கோ தூரத்தில் நின்ற விளக்குக் கம்பத்துக்கெல்லாம் மிதித்தாள். நாலாவதோ ஐந்தாவதோ மிதியில் அப்பாவின் மூக்கு ஸ்டியரிங்கில் இடித்தது. மறுநாள் மருத்துவமனையில் டாக்டர் அம்மாவை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

“மூக்குல என்ன?”

“டீச்சர் அடிச்சிட்டாங்க” என்றார் அப்பா.

டாக்டர் மாத்திரைச் சீட்டை நீட்டினார்.

இதற்கு ஒரு வழி பண்ண அம்மாவின் தம்பியைக் கூப்பிட்டோம். மாமா வண்டிப் பட்டறை வைத்திருக்கிறார். அந்த இரண்டாவது பிரேக்கை மாட்டிக்கொடுத்ததே அவர்தான். அம்மா தூங்கிய ஒரு மத்தியானம் வண்டிக்கு அடியில் படுத்து, அவள் பக்கத்து பிரேக்கிலிருந்து போகிற கம்பியைக் கழற்றிவிட்டார்.

“இனிமே அக்கா டான்ஸே ஆடினாலும் வண்டி நிக்காது அத்தான்” என்று எழுந்து வந்தார்.

“நிக்கலன்னா அவளுக்குத் தெரிஞ்சிடுமே மச்சான்.”

மாமா எண்ணெய்க் கையோடு தலையைச் சொறிந்தார். அப்பாவே வழி சொன்னார். “அவ கால் மிதிக்கிறப்ப நான் என் பிரேக்கை மிதிச்சிடறேன். மெதுவா, மூக்கு இடிக்காம.”

இப்படித்தான் அந்த நாடகம் ஆரம்பித்தது. அம்மாவின் பாதம் ஓர் அங்குலம் இறங்கினால் அப்பாவின் பாதமும் இறங்கும். இருவரும் சேர்ந்து தையல் மெஷின் மிதிக்கிறமாதிரி இருக்கும். வண்டி வெண்ணெயாக நிற்கும். “பாத்தியாடி, என் கால் எப்படி வேலை செய்யுது!” என்று அம்மா சட்டத்தை மறந்து என்னைத் திரும்பிப் பார்ப்பாள். “அடேயப்பா” என்பேன் நான், பின்சீட்டில் நகத்தைக் கடித்துக்கொண்டு.

இன்னொரு சங்கடம் இருந்தது. அம்மாவின் பாடத்தில் இடது திருப்பமே கிடையாது. இல்லாத பக்கத்துக்கு எப்படித் திரும்புவது? “வலது பக்கம் திரும்புங்க சார்”, மறுபடி “வலது”, மறுபடி “வலது”. எங்கள் சாலைகளில் எதிரே வரும் வண்டிகளைக் கடக்க வேண்டியிருப்பதால் வலதுதான் கஷ்டமான திருப்பம். அப்பா அதில் புலியாகிவிட்டார். வீட்டுக்குத் திரும்பும்போதும் அதே கதை. எங்கள் தெரு பெரிய சாலையிலிருந்து இடது பக்கம். ஒருமுறை நான் நேரே இடது பக்கம் திருப்பியபோது, எதிரே இருந்த சாலை திடீரென்று காணாமல் போய்விட்டதாக அம்மா அலறிவிட்டாள். அதிலிருந்து எங்கள் தெருவைத் தாண்டிப் போய், வலது, வலது, வலது என்று ஊரை ஒரு சுற்றுச் சுற்றித்தான் வீடு வந்து சேர்ந்தோம். அம்மாவுக்கு அந்தச் சுற்று பிடித்திருந்தது. “நம்ம வீடு நல்ல தூரத்துல இருக்கு” என்று பெருமையாகச் சொல்வாள்.

டெஸ்ட் நாள் வந்தது. முதல் நாளே மாமா கம்பியைப் பழையபடி மாட்டிவிட்டார். அப்பாவின் மண்டைக்குள் மாட்டியிருந்த கம்பியைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.

டெஸ்ட் எடுக்கிற அதிகாரி நெட்டையான மனிதர். அம்மா வருடக்கணக்காக மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனதில் அவருக்கு அவளிடம் மரியாதையும் கொஞ்சம் பயமும் உண்டு. அவருக்கு ஒரு கெட்ட பழக்கம், உட்கார்ந்தால் காலாட்டுவார். நானும் அம்மாவும் மாமாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தோம். அதிகாரி அம்மாவின் இருக்கையில் ஏறினார். வண்டி கிளம்பியது. நின்றது. கிளம்பியது. நின்றது. தவளை மாதிரி தத்தித் தத்தி வாசலைத் தாண்டி மறைந்தது.

“என்னடா இது, பெட்ரோல் இருக்கா?” என்றாள் அம்மா.

மாமா வானத்தைப் பார்த்தார்.

திரும்பி வந்தபோது அதிகாரியின் தலைமுடி கலைந்திருந்தது. நேரே அம்மாவிடம் வந்தார், அவளுடைய வலது பக்கமாக, நல்லவேளை.

“டீச்சர், தப்பா நினைக்காதீங்க. சார் ரோட்டையே பாக்கல. என் காலைத்தான் பாக்கறாரு. நான் காலை அசைச்சா நிறுத்தறாரு. காலை மடக்கி வெச்சா, என்ன செய்யறதுன்னு என்னையே கேக்கறாரு. இடது பக்கம் திரும்புங்கன்னேன். நேரா போயி மூணு தடவை வலது பக்கம் திரும்பி, இதோ இடதுன்னு கொண்டுவந்து நிறுத்தறாரு. போயிச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துட்டோம், அது வேற விஷயம்.”

அவர் போனதும், பின்னாலேயே இறங்கி வந்த அப்பாவிடம் அம்மா கேட்டாள். “காலை எதுக்குங்க பாக்கறீங்க?”

அப்பா செருப்பைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமாவுக்கு ரகசியம் என்பது சூடான உருளைக்கிழங்கை வாயில் வைத்திருக்கிற மாதிரி.

“அக்கா, நான்தான் கம்பியைக் கழட்டினேன். முதல் வாரமே. உன் பிரேக் சும்மாதான் இருந்துச்சு. நீ மிதிக்கறப்ப எல்லாம் அத்தான்தான் பாத்துப் பாத்து நிறுத்தினாரு.”

அம்மாவின் முகம் சின்னதாகிவிட்டது. தன் வலது காலைக் குனிந்து பார்த்தாள். உடம்பில் சொன்னபடி கேட்கிற ஒரே உறுப்பு என்று அவள் நம்பிக்கொண்டிருந்தது அந்தக் கால்தான். அதையும் நாங்கள் பிடுங்கிக்கொண்டோம்.

“நான் மிதிச்சு ஒரு தடவைகூட நிக்கலையா?”

“இல்லம்மா” என்றார் அப்பா.

“எல்லாமே நீங்க நிறுத்தினதா?”

“எல்லாமே.”

அம்மா யோசித்தாள். அவளுக்குள் இருந்த பெண்டாட்டி அழுவதற்குள் ஆசிரியை முந்திக்கொண்டாள்.

“ஒரு தடவைகூட லேட்டாகலையேங்க! நான் மிதிச்ச நொடி நின்னுதே! இத்தனை வருஷத்துல இப்படி பிரேக் போடற ஸ்டூடன்ட் எனக்குக் கிடைச்சதே இல்ல.” பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, “நீ இனிமே என் வண்டிக்கு அடியில படுத்தே, உன்மேலயே ஏத்திடுவேன்” என்றாள். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டு வாங்கியதில் அவருக்கு அப்படி ஒரு நிம்மதி.

அடுத்த பாடத்துக்கு மைதானத்தில் வண்டி நின்றதும் அம்மா என்னை முன்னால் வரச் சொன்னாள்.

“மேடம், என் செருப்பைக் கழட்டுங்க. ரெண்டு காலையும் தூக்கி சீட்டு மேல மடிச்சு வைங்க. பாக்கறதுக்குக் கால் இருந்தாத்தானே பாப்பாரு?”

எத்தனை வருட வேலை! மாணவர் சாலையில் இருக்கும்போது அம்மா பிரேக்கிலிருந்து காலை எடுத்ததாக எனக்கு நினைவே இல்லை. அவளே வலது காலை மடித்துக்கொண்டாள். நான் இடது காலைத் தூக்கி அதன்மேல் வைத்தேன்.

“இது யாரு கால்?”

“உன்னோடதுதாம்மா.”

“நீ சொன்னா சரி.”

சம்மணம் போட்டு, பெல்ட் மாட்டி, பாதித் தலை சீவி, அம்மா பாடம் நடத்த உட்கார்ந்தாள். அப்பா இஞ்சினைக் கிளப்பினார். அப்போது அம்மா அவள் போட்ட சட்டத்தை அவளே மீறினாள்.

“என்னங்க.”

“என்னம்மா?”

“பயமா இருக்குங்க. காலுக்கு அடியில ஒண்ணுமே இல்ல.”

“எனக்கும்தான்” என்றார் அப்பா. “ஆனா நான் மிதிச்சா நிக்கும். அது நீயே சொன்னதுதான்.”

“ம். இனிமே நீங்கதான் பாத்துக்கணும். என்னையும் சேத்து.”

“பாத்துக்கறேன்.”

அம்மா மூக்கை உறிஞ்சினாள். “சரி, போதும். கண்ணாடி பாருங்க சார்.”

அன்று அப்பா சாலையைப் பார்த்து ஓட்டினார். பார்க்கக் கால் இல்லாததால் வேறு எங்கேயும் பார்க்க முடியவில்லை. சில நாள் கழித்து மைதானத்திலிருந்து தெருக்களுக்கு வந்தோம். லைசென்ஸ் இருக்கிற ஆள் என்ற முறையில் நான் பின்னால் விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். ஒரு முனையில் அப்பா மெதுவாகச் சொன்னார்.

“டீச்சர், இடது பக்கம்னு ஒண்ணு இருக்கு. டெஸ்ட்ல அதையும் கேக்கறாங்க.”

“இருக்கா? எனக்குத் தெரியல. இருந்தா நீங்க சொல்லிட்டே வாங்க, நான் நம்பிக்கறேன்.”

அப்பா இடது பக்கம் திரும்பினார். திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார். இந்த விஷயத்தில் அவரை அடிக்க ஆள் கிடையாது. எல்லா வாசலுக்கும் நடந்தவர். “இப்ப இடது பக்கம் தையல் கடை. அடுத்து நீலக் கதவு, அந்த வீட்டுக்காரர் தபால் வாங்கறப்ப எல்லாம் தும்முவாரு. அடுத்த வீட்டுல ஒரு நாய் இருந்துது. அது என் பேன்ட்டைக் கிழிச்சிருக்கு.” வண்டி வேகமெடுத்தது. “சார், நாய் செத்து ரொம்ப நாளாச்சு, மெதுவா போங்க” என்றாள் அம்மா. இல்லாத பக்கத்தைப் பார்க்காமலே, அதில் இருந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். வலது பக்கமும் இருந்தது, சொல்லச் சொல்ல இடது பக்கமும் வந்தது. அந்தச் சில வாரங்கள் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அப்படிச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இரண்டாவது டெஸ்டுக்கு முன்னால் அம்மா அதிகாரியைக் கூப்பிட்டு, “காலாட்டினா குடும்பத்துக்கு ஆகாது தம்பி. அடக்கமா உக்காருங்க” என்றாள். அவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி முழங்காலைச் சேர்த்துக்கொண்டு வண்டியில் ஏறினார். வண்டி ஒரே சீராகப் போய், ஒரே சீராகத் திரும்பி வந்தது. அப்பா இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, பாஸ் என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குள் அம்மாவுக்கு வார்த்தைகள் குறைந்துவிட்டிருந்தன. கட்டி சொன்னபடி திரும்ப வந்துகொண்டிருந்தது. ஆனாலும் நடந்தது என்னவென்று அவளுக்குப் புரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்தபடியே வலது கையால் என் தொடையில் சுளீரென்று ஒரு அடி வைத்தாள். மகிழ்ச்சி வந்தால் அவள் மாணவர்களுக்குத் தருகிற பரிசு அது. அழுகையும் சிரிப்புமாக அவளை வண்டியில் ஏற்றி, கால்களை மடித்து வைத்தேன்.

“வீட்டுக்கு” என்றாள்.

அப்பா ஓட்டினார். பெரிய சாலையில் எங்கள் தெரு முனை வந்தது. “இடது பக்கம் திரும்பறேன் டீச்சர். முனையில செருப்புக் கடை” என்று சொல்லிவிட்டு, முதல் தடவையாக நேரே எங்கள் தெருவுக்குள் திருப்பினார். பிசிறில்லாத திருப்பம். எந்த அதிகாரியும் கைதட்டியிருப்பார். தெருவின் வலது பக்கத்தில் எங்கள் பச்சைக் கேட் தெரிந்தது.

அம்மா கேட்டைப் பார்த்தாள். அவள் முகம் வாடியது.

“அதுக்குள்ள வந்துடுச்சா?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்பா கேட்டைப் பார்த்தார், பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார்.

“இல்ல டீச்சர். இன்னும் வரல.”

அம்மா பச்சைக் கேட்டை இன்னொரு முறை பார்த்தாள். பூட்டு, அழைப்பு மணி, அவளே தொங்கவிட்ட பயிற்சிப் பள்ளிப் பலகை, எல்லாம் அவளுடைய வலது பக்கத்தில் வெட்டவெளிச்சமாக இருந்தன.

“நீங்க சொன்னா சரி” என்றாள்.

அப்பா கண்ணாடி பார்த்தார், பக்கக் கண்ணாடி பார்த்தார், அவளைப் பார்த்தார். எங்கள் வீட்டைத் தாண்டி, தெருக்கோடியில் வலது பக்கம் போக விளக்குப் போட்டார்.